காவல் நின்றவர்களுள் பெரியவர் யார்?

நாலு பேர் கூடிய இடத்தில் இரு கட்சி பிரித்து வாதாடுவது தமிழ் மக்களுக்கு இயல்பாகவே அமைந்த ஒரு சுவை. கம்பரா இளங்கோவா, கர்ணனா அர்ச்சுனனா என்று தொடங்கினால் விடிய விடியப் பேசுவோம். பெரியது எது என்று முருகன் கேட்க, ஔவை விடை சொன்ன கதையைச் சிறுவயதில் கேளாதவர் நம்மில் இல்லை. மாநில எல்லையைக் கடந்து குடியேறிய பின்னரும் இச்சுவை நம்மை விட்டு நீங்குவதில்லை. பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் முதலிய ஊர்களிலும், இடுக்கி மலைமேல் மூணாறு, மறையூர், வட்டவடை, குமுளி ஆகிய இடங்களிலும் தேநீர்க் கடைப் பலகைகள் இன்றும் பட்டிமண்டபங்களாகவே விளங்குகின்றன.

இவ்வூர்களில் விளையாட்டு என்றால் கால்பந்துதான். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே நடைபெறும் ஃபின்லே கேடயப் போட்டி மலைவாழ் தமிழருக்கு ஒரு திருவிழா. ஆயினும் அண்மை ஆண்டுகளில் அப்பலகைகளில் ஹாக்கியும் வந்து அமர்ந்துவிட்டது. அதற்குக் காரணம் இரண்டு. 2024 ஆகஸ்ட் 8-ஆம் நாள் பாரிஸ் நகரில் இந்திய அணி வெண்கலப் பதக்கம் பெற்று, அன்றே நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஆட்டத்திலிருந்து விடைபெற்றது ஒன்று. 2025 அக்டோபர் 31-ஆம் நாள், முன்னொரு காலத்துக் கோல்கீப்பரான கண்ணூர் மானுவல் ஃபிரெடரிக் பெங்களூரில் காலமானது மற்றொன்று. இவ்விரண்டு செய்திகளுக்குப் பின்னர் ஒரு கேள்வி தானாகவே எழுந்தது: இந்திய ஹாக்கியில் கோல் காத்தவர்களுள் யார் பெரியவர்?

இக்கேள்வியைப் பற்றிச் சில எண்ணங்களை நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். கேள்வி விளையாட்டைப் பற்றியதே எனினும், காவல் நிற்பவனுக்கு உலகம் அளிக்கும் புகழும் பழியும் எத்தகையவை என்ற பெரிய விஷயம் அதனுள் அடங்கிக் கிடக்கிறது.

முதலில் அத்தொழிலின் இயல்பைக் காண்போம். ஹாக்கியில் கோல் என்பது 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் உள்ள ஒரு வாயில். அதற்கு முன்னால் ஒரு வளைகோடு வரையப்பட்டிருக்கிறது. அக்கோட்டுக்கு உள்ளிருந்து அடிக்கும் பந்துக்கே கோல் உண்டு. பந்தின் எடை 156 முதல் 163 கிராம். அது கல்லைப் போன்று கெட்டியானது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்திலும் பாய்ந்து வரும். அதைக் காலாலோ கையாலோ மார்பாலோ தடுப்பதற்கு உரிமை பெற்றவர் அணியில் ஒருவரே. பந்தை உதைத்து விலக்கும் உரிமையோடு, அடிபடும் உரிமையும் அவருக்கே உரியது!

மறையூர், வட்டவடைப் பக்கத்துக் குடியானவர்கள் விளைச்சலைக் காக்கப் பரண் அமைத்து இரவெல்லாம் விழித்திருப்பதை நாம் அறிவோம். யானையும் பன்றியும் புகாத ஆயிரம் இரவுகளை எவரும் கணக்கில் வைப்பதில்லை. ஒரே ஓர் இரவு கண் அயர்ந்து தோட்டம் அழிந்துவிட்டால், அதை ஊர் முழுவதும் ஆண்டுக்கணக்கில் பேசும். கோல்கீப்பரின் நிலையும் இதுவே. முன்வரிசையில் ஆடுபவர் பத்து முறை தவறிப் பதினோராவது முறை கோல் அடித்தால் அவரைத் தோளில் தூக்குவார்கள். காவல் நிற்பவர் பத்து முறை தடுத்துப் பதினோராவது முறை தவறினால், அந்த ஒன்றுதான் ஏட்டில் ஏறும். ஆகையால் கோல்கீப்பரை அளப்பதற்கு மற்ற ஆட்டக்காரரை அளக்கும் கோல் உதவாது.

மேல்நாட்டிலும் இந்த அளவுகோலைத் தேடி அலைந்திருக்கிறார்கள். கனடாவிலும் ரஷ்யாவிலும் செக் நாட்டிலும் பனிக்கட்டியின் மீது சறுக்கி ஆடும் ஐஸ் ஹாக்கி என்ற விளையாட்டு உண்டு. நம் நாட்டில் லடாக்கில் குளிர்காலத்துக் குளங்கள் உறையும்போது அதை ஆடுகிறார்கள். அங்கே பந்துக்குப் பதிலாக ஏறத்தாழ 170 கிராம் எடையுள்ள ரப்பர் வட்டு. கோலின் அகலம் 6 அடி, உயரம் 4 அடி. அவ்விளையாட்டின் கோல்கீப்பர்களுள் தலைசிறந்தவர் யார் என்னும் வழக்கு பல பத்தாண்டுகளாக முடிவு காணாமல் நடந்து வருகிறது. மார்ட்டின் பிரோடர் என்பார் 691 வெற்றிகளையும், ஒரு கோலும் கொடாத 125 ஆட்டங்களையும் உடையவர். எண்ணிக்கையில் அவருக்கு நிகர் இல்லை. டொமினிக் ஹாஷெக் என்ற செக் நாட்டவர், 1998-இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில், கனடாவின் ஐந்து வீரர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தனித்து வந்து அடித்த ஐந்தையும் தடுத்துத் தம் சிறிய நாட்டைத் தங்கத்துக்கு அழைத்துச் சென்றார். ஜாக் பிளான்ட் என்பார் 1959 நவம்பர் 1-ஆம் நாள் நியூயார்க்கில் முகத்தில் வட்டு பட்டு இரத்தம் வழிந்த பின், தையல் போட்டுக்கொண்டு முகமூடி அணிந்து திரும்பி வந்து ஆடினார். இன்று உலகெங்கும் கோல்கீப்பர்கள் முகமூடி அணிவது அவர் வழிகாட்டியதன் பயனே.

இம்மூவரையும் கவனித்தால் மூன்று அளவுகோல்கள் கிடைக்கின்றன. பிரோடரைப் பெரியவர் என்போர் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். ஹாஷெக்கைப் போற்றுவோர் இக்கட்டான வேளையில் செய்த செயலைப் பார்க்கிறார்கள். பிளான்டை முன்வைப்போர் ஆட்டத்தையே மாற்றிய ஆற்றலைப் பார்க்கிறார்கள். இவற்றைக் கையில் எடுத்துக்கொண்டு நம் நாட்டுக்குத் திரும்புவோம்.

நமது தேநீர்க் கடைப் பட்டிமண்டபத்தில் எண்ணிக்கைக் கட்சிக்கு ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் தலைவராக இருப்பார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன்வைக்கும் பெயர் ரிச்சர்டு ஆலன். 1902-இல் நாகபுரியில் பிறந்த இந்த ஆங்கிலோ-இந்தியர், 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியாவின் கோல் காத்தார். அங்கே இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்தது. எதிரிகள் அடித்த கோல்கள் பூஜ்யம்! நம் நாடு பெற்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 1932-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்காவை 24-க்கு 1 என்று வென்றபோதும், 1936-இல் பெர்லின் இறுதியாட்டத்தில் ஜெர்மனியை 8-க்கு 1 என்று வென்றபோதும் காவல் நின்றவர் அவரே. ஆக, மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் அவரைக் கடந்து சென்ற கோல்கள் இரண்டே. அமெரிக்கர் அடித்த அந்த ஒரு கோலும், ஆலன் கோலுக்குப் பின்னால் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த வேளையில் விழுந்தது என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது.

ஆசிரியரின் கணக்கில் பிழையில்லை. ஆனால் அக்கதையே அவர் கட்சிக்குச் சற்று ஊறு செய்கிறது. ஆட்டம் நடக்கும்போது கையெழுத்துப் போட ஒரு காவலருக்கு ஓய்வு இருந்தது என்று மக்கள் நம்பக்கூடிய அளவுக்கு எதிரிகள் வலுவற்றவர்களாக இருந்தார்கள். 1932-இல் ஹாக்கிக்கு வந்த நாடுகளே மூன்றுதான். முன்னால் தியான்சந்தும் ரூப்சிங்கும் எதிரியின் எல்லையிலேயே பந்தை வைத்துக்கொண்டிருந்தால், பின்னால் நிற்பவருக்கு வேலை ஏது? யானையே வராத ஊரில் பரண் காத்தவனின் திறமையை எவ்வாறு அளப்பது? ஆலன் சிறந்த காவலர் என்பதில் ஐயமில்லை. அவர் எவ்வளவு சிறந்தவர் என்பதை முழுமையாகச் சோதிக்கும் சந்தர்ப்பத்தை அவர் காலம் அவருக்குக் கொடுக்கவில்லை.

இவ்விடத்தில் மற்றொரு பலகையிலிருந்து ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவர் எழுவார். அவர் சொல்லும் பெயர் சங்கர் லட்சுமண். மத்தியப் பிரதேசத்து மௌ நகரில் 1933 ஜூலை 7-இல் பிறந்து, இராணுவத்தில் மராத்தா காலாட்படையில் பணிபுரிந்தவர் அவர். 1956, 1960, 1964 ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளிலும் இந்தியாவின் கோல்கீப்பர்.

1956 நம் எல்லைப்புற மக்களுக்கு மறக்க இயலாத ஆண்டு. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள்தான் மொழிவாரி மாநிலங்கள் அமைந்து, தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் பாலக்காடும் கேரள மாநிலத்துள் அடங்கின. அன்றுமுதல்தான் இப்பகுதித் தமிழர் பலருக்கு எல்லை என்ற சொல்லே அன்றாட வாழ்க்கைச் சொல்லாயிற்று. அதே மாதம் 22-ஆம் நாள் மெல்போர்னில் ஒலிம்பிக் தொடங்கியது. ஐந்து ஆட்டங்களில் இந்தியா 38 கோல்கள் அடித்தது. ஒரு கோலும் வாங்கவில்லை. இறுதியாட்டத்தில் எதிர்த்து நின்றது பாகிஸ்தான். பிரிவினைக்கு முன் ஒரே அணியாக ஆடிய இரு நாட்டவரும் ஒலிம்பிக் இறுதியில் சந்தித்தது அதுவே முதல் தடவை. இந்தியா 1-0 என்று வென்றது.

1960-இல் ரோமாபுரியில் அதே பாகிஸ்தானிடம் 0-1 என்று தோற்றோம். 1928 முதல் தொடர்ந்து 30 ஒலிம்பிக் ஆட்டங்களில் வென்று வந்த பெருமை அன்று முடிவுற்றது. 1964-இல் டோக்கியோவில் மூன்றாம் முறையாக அதே எதிரி. மொகிந்தர் லால் பெனால்டி ஸ்ட்ரோக்கில் அடித்த ஒரு கோலை வைத்துக்கொண்டு, எஞ்சிய நேரமெல்லாம் பாகிஸ்தானியர் அலையலையாக வந்து மோதியதை லட்சுமண் தாங்கினார். மீண்டும் 1-0. தங்கம் திரும்பி வந்தது.

பட்டாளத்துக்காரரின் வாதத்தை இப்போது கவனியுங்கள். மூன்று ஒலிம்பிக் இறுதியாட்டங்கள். மூன்றிலும் உலகின் மிக வலிய எதிரி. மூன்றும் ஒரே கோல் வித்தியாசத்தில் முடிந்தவை. அம்மூன்றிலும் லட்சுமணைக் கடந்து சென்ற பந்து ஒன்றே ஒன்று. ஒரு கோல் விழுந்தால் போயிற்று என்ற நிலையில் நின்றவர் இவர். ஆலன் நின்றது ஐந்து கோல் விழுந்தாலும் வெற்றி நமதே என்ற நிலையில். பின்னர் இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கிய முதல் கோல்கீப்பர் என்ற பெருமையும் லட்சுமணுக்கு உண்டு. அவருடைய தலைமையில் 1966-இல் பாங்காக் ஆசியப் பந்தயத்தில் இந்தியா தங்கம் வென்றது. 1967-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது.

ஆனால் அதன் பின்? 1968 மெக்சிகோ ஒலிம்பிக்குக்கு அவர் செல்லவில்லை. ஆட்டத்தை விட்டு விலகிய அவரை நாடு படிப்படியாக மறந்தது. கால் அழுகும் நோயும் வறுமையும் சூழ, 2006 ஏப்ரல் 29-ஆம் நாள் பிறந்த ஊராகிய மௌவிலேயே அவர் மறைந்தார். பந்தை உதைத்து உதைத்து நாட்டைக் காத்த கால்கள் அவை என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

மூன்றாவது கட்சி மலையாள நண்பர்களுடையது. பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழரும் அதில் சேர்ந்துகொள்வதுண்டு. அவர்கள் மானுவல் ஃபிரெடரிக்கின் பெயரைச் சொல்கிறார்கள். 1947 அக்டோபர் 20-இல் கண்ணூரில் பர்ணச்சேரி என்ற இடத்தில் பிறந்த அவர், இளமையிலேயே இராணுவத்தில் சேர்ந்து, 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் கோல் காத்தார். அரையிறுதியில் பாகிஸ்தானிடம் தோற்ற இந்தியா, நெதர்லாந்தை 2-1 என்று வென்று வெண்கலம் பெற்றது. ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் கேரளத்தவர் அவரே. அடுத்த ஆண்டு ஆம்ஸ்டல்வீனில் நடந்த உலகக் கோப்பையில் வெள்ளி பெற்ற அணியிலும் அவர் இருந்தார். தலைக்கவசமும் நெஞ்சுக்கவசமும் இன்றுள்ளபடி இல்லாத காலம் அது. காலில் பட்டை கட்டிக்கொண்டு, மற்றதெல்லாம் உடம்பை நம்பியே நிற்க வேண்டும். அவருக்குத் தேசிய அளவில் தியான்சந்த் விருது கிடைத்தது 2019-இல். அதாவது பதக்கம் பெற்று 47 ஆண்டுகள் கழிந்த பின்னர்!

இவர்களோடு இன்னொருவரையும் இவ்வழக்கில் சாட்சியாக அழைக்க வேண்டும். அவரைப் பெரியவர் என்று எந்தக் கட்சியும் முன்மொழிவதில்லை. ஆயினும் அவரை நினைக்காமல் இவ்வழக்கு முழுமை பெறாது. 1982 டிசம்பர் 1-ஆம் நாள் டில்லியில் ஆசியப் பந்தய இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றது. அன்று கோலில் நின்றவர் மீர் ரஞ்சன் நெகி. பதினொருவர் ஆடித் தோற்ற ஆட்டத்தின் பழி ஒருவர் தலைமீது விழுந்தது. எதிரியிடம் பணம் பெற்றார் என்றுகூடப் பேசினார்கள். அவருடைய சர்வதேச ஆட்ட வாழ்வு அத்துடன் முடிந்தது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1998-இல் பாங்காக்கில், நம் தமிழ்க் குடும்பத்தில் புனா அருகே கட்கியில் பிறந்த தன்ராஜ் பிள்ளையின் தலைமையில் இந்தியா ஆசியத் தங்கம் வென்றபோது, கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி அளித்தவர் அதே நெகி. இறுதியில் தென்கொரியரின் பெனால்டி ஸ்ட்ரோக்குகளைத் தடுத்து வெற்றி தேடித் தந்த ஆஷிஷ் பல்லால் அவரிடம் பயின்றவர். உலகம் இழைத்த அநீதிக்கு இதைவிடக் கண்ணியமான பதில் உண்டோ?

இனி, இளைஞர் கட்சிக்கு வருவோம். அவர்கள் ஒரே குரலில் சொல்லும் பெயர் ஸ்ரீஜேஷ். பறாட்டு ரவீந்திரன் ஸ்ரீஜேஷ், எர்ணாகுளம் மாவட்டத்துக் கிழக்கம்பலத்தில் 1988 மே 8-இல் ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். திருவனந்தபுரத்து ஜி. வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் சேர்ந்தபோது அவர் ஓட்டம், நீளம் தாண்டுதல், கைப்பந்து முதலியவற்றில் முயன்றவர். பயிற்சியாளரின் யோசனைப்படியே ஹாக்கிக்கும் கோலுக்கும் வந்தார். காவலுக்குரிய பட்டைகளையும் கவசங்களையும் வாங்கப் பணமில்லாமல் தந்தை கறவைப் பசுவை விற்றார் என்பதை அவர் பலமுறை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். கறவை மாடு வைத்துப் பிழைக்கும் சித்தூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கு அதன் பொருள் விளக்க வேண்டியதில்லை.

அவர் ஆட வந்த காலம் இந்திய ஹாக்கியின் இருண்ட காலம். ஆட்டம் புல்தரையை விட்டுச் செயற்கைத் தரைக்கு மாறியது 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில். 1980-இல் மாஸ்கோவில் நம் சென்னை வாசுதேவன் பாஸ்கரனின் தலைமையில் கிடைத்த தங்கத்திற்குப் பிறகு பதக்கமே இல்லை. 2008 ஒலிம்பிக்குக்கு இந்தியா தகுதியே பெறவில்லை. 2012-இல் லண்டனில் பன்னிரண்டாவது இடம்; அதாவது கடைசி இடம். அவ்வணியில் ஸ்ரீஜேஷும் இருந்தார்.

அங்கிருந்து ஏறிய ஏற்றத்தைப் பாருங்கள். 2014-இல் இஞ்சியோன் ஆசியப் பந்தய இறுதியில் பாகிஸ்தானுடன் 1-1 என்று சமமாகி, ஷூட் அவுட் என்னும் தனித்தடிப்பு முறைக்குச் சென்றது. அதில் 23 மீட்டர் கோட்டிலிருந்து எதிரி ஒருவர் பந்தோடு தனித்து வருவார். எட்டு வினாடிக்குள் அவர் கோல் அடிக்க வேண்டும்; எதிரில் காவலர் ஒருவரே. ஸ்ரீஜேஷ் இரண்டைத் தடுத்தார். இந்தியா 4-2 என்று வென்று 16 ஆண்டுகளுக்குப் பின் தங்கம் பெற்றது. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் அவரே அணித்தலைவர். 2017-இல் முழங்காலில் ஏற்பட்ட கடுமையான காயம் அவரைப் பல மாதங்கள் படுக்க வைத்தது, எழுந்து வந்தார்.

டோக்கியோ ஒலிம்பிக் 2021-இல் நடந்தது. அங்கே ஜூலை 25-ஆம் நாள் ஆஸ்திரேலியாவிடம் இந்தியா தோற்றது 1-7 என்ற கணக்கில். நேயர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். நெகியின் வாழ்வை அழித்த அதே 1-7! ஆனால் இம்முறை எவரும் காவலர்மீது பழி சுமத்தவில்லை. அணி அவரை நம்பியது. பதினொரு நாட்களுக்குப் பின், ஆகஸ்ட் 5-ஆம் நாள், வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜெர்மனிக்கு எதிராக 5-4 என்று முன்னிலையில் இருந்தபோது, கடைசி விநாடிகளில் ஜெர்மானியருக்கு ஒரு பெனால்டி கார்னர் கிடைத்தது. அதை ஸ்ரீஜேஷ் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் பதக்கம் வந்தது. ஃபிரெடரிக்குக்கு 49 ஆண்டுகளுக்குப் பின் கேரளத்துக்கு இரண்டாவது ஒலிம்பிக் பதக்கமும் வந்தது. இருவரும் கோல்கீப்பர்கள் என்பது வியப்புக்குரியது. அன்று அவர் கோலின்மீது ஏறி அமர்ந்த படத்தைப் பார்க்காத இந்தியர் குறைவு.

2024-இல் பாரிஸில் பிரிட்டனுக்கு எதிரான காலிறுதி. 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோகிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, எஞ்சிய ஏறத்தாழ 43 நிமிடங்களும் இந்தியா பத்துப் பேருடன் ஆடிற்று. எதிரி வெள்ளமெனப் பாய்ந்தும் விழுந்தது ஒரே கோல். ஆட்டம் 1-1 என்று முடிந்து, ஷூட் அவுட்டில் 4-2 என்று இந்தியா வென்றது. பின்னர் ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம். ஸ்ரீஜேஷ் ஆடிய சர்வதேச ஆட்டங்கள் 336. அவர் அணிந்த 16-ஆம் எண்ணை முதுநிலை அணியில் இனி எவருக்கும் வழங்குவதில்லை என்று ஹாக்கி இந்தியா அறிவித்தது. 2025-இல் பத்மபூஷண் விருதும் அளிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற இந்திய அணிக்குப் பயிற்சியாளராக அவரே விளங்கினார்.

எல்லாக் கட்சிகளையும் கேட்டாயிற்று. தீர்ப்பு என்ன?

வெவ்வேறு காலத்தவரை ஒரே தராசில் வைக்கலாமா என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். ஆட்சேபணை நியாயமானதே. புல்தரையில் பந்து துள்ளி வரும். அது எத்திசையில் திரும்பும் என்பது பந்துக்கே தெரியாது. செயற்கைத் தரையில் பந்து வழுவாமல் வரும். ஆனால் மின்னலாக வரும். லட்சுமணின் காலத்தில் கவசம் குறைவு. ஸ்ரீஜேஷின் காலத்தில் கவசம் மிகுதி, ஆனால் மட்டையின் நுனியில் பந்தை இழுத்துச் சுழற்றி வீசும் ‘டிராக் ஃபிளிக்’ என்ற புதிய ஆயுதம் வந்துவிட்டது. ஒருபுறம் கூடினால் மறுபுறம் குறைகிறது. ஆகவே கருவிகளை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொருவரும் எதை எதிர்த்து நின்றார், அவருக்குத் துணையாக எது இருந்தது என்ற இரண்டை மட்டும் கேட்பதே நேரிய முறை என்று கருதுகிறோம்.

அவ்வாறு கேட்டால், ஆலனுக்குத் துணை மிகுதி, எதிர்ப்புக் குறைவு. லட்சுமணுக்கு எதிர்ப்பும் பெரிது, துணையும் பெரிது, பிரிதிபால் சிங், குர்பக்ஸ் சிங் போன்ற வலிய பின்வரிசையினர் 1964-இல் அவர்முன் நின்றனர். ஃபிரெடரிக்கின் காலத்தில் இந்தியா இறங்கத் தொடங்கியிருந்தது. ஸ்ரீஜேஷுக்கோ, வாழ்வின் முதற்பகுதி முழுவதும் எதிர்ப்பு மிகுதி, துணை குறைவு. வீழ்ந்துகிடந்த ஓர் அணியைப் பின்னால் நின்று தாங்கி, அது எழுந்து நிற்கும்வரை பதினெட்டு ஆண்டுகள் காத்தவர் அவர்.

ஒரே ஆட்டம், ஒரே கோல் முன்னிலை, எதிரில் உலகின் வலிய அணி என்றால் நாம் சங்கர் லட்சுமணையே கோலில் நிறுத்துவோம். முழு வாழ்வையும் கணக்கிட்டு ஒருவரைச் சொல் என்றால், ஸ்ரீஜேஷின் பெயரையே சொல்வோம். பட்டாளத்துக்காரர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது நமக்குத் தெரியும். அவர் ஒப்புக்கொள்ளாமலிருப்பதே பட்டிமண்டபத்துக்கு அழகு.

ஆனால் தீர்ப்பைவிட முக்கியமான ஒன்றை இவ்வழக்கு நமக்குக் காட்டுகிறது. 1982-இல் 1-7 என்றபோது ஒரு காவலரை நாடு கைவிட்டது. 2021-இல் 1-7 என்றபோது ஒரு காவலரை அணி கைவிடவில்லை. பதினொரு நாளில் அந்த நம்பிக்கை பதக்கமாகத் திரும்பி வந்தது. நெகிக்கும் அத்தகைய பதினொரு நாட்கள் கிடைத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? அதை இனி எவராலும் அறிய இயலாது. ஆனால் அடுத்த காவலருக்கு அந்தப் பதினொரு நாட்களைக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.

மூணாற்றுத் தோட்டத்து மைதானங்களிலும் கொழிஞ்சாம்பாறைப் பள்ளித் திடல்களிலும் மாலைவேளையில் சிறுவர்கள் பந்து ஆடுவதைப் பார்க்கிறோம். ஓடத் தெரியாதவனைக் கோலில் நிறுத்து என்பது அங்கே வழங்கும் சட்டம். ஒதுக்கப்பட்ட அச்சிறுவன் தனியே இரண்டு கல்லுக்கு நடுவில் நின்றுகொண்டிருப்பான். பந்து உள்ளே போனால் அத்தனை பேரும் அவனைத் திட்டுவார்கள். அவ்வழியே செல்லும் நேயர்கள் ஒரு கணம் நின்று, அவன் அடுத்த பந்தைத் தடுக்கும்போது, ‘சபாஷ் தம்பி’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனால் நன்று. கிழக்கம்பலத்தில் ஒரு பசுவை விற்ற தந்தை செய்ததும், வேறு வகையில், அந்த ஒரு சொல்லைச் சொன்னதுதான்.